வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

எங்கள் கல்லூரியில், மாணவர்களிடையே எச்.ஐ.வி. விழிப்புணர்வு ஏற்படுத்தும் செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பு என் கைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் வணிகவியல் ஆசிரியை. உடலியலும் வைரஸும் என் பாடம் கிடையாது. ஏற்க மற்றவர்கள் தயங்கியதால் என்னிடம் வந்த வேலை இது. இப்போது யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எச்.ஐ.வி. பற்றி நிறைந்த அரங்கில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு "கேள்வி ஏதும் உண்டா?" என்றால் ஒரு கைகூட உயராது. அதே பிள்ளைகளுக்காக மாடிப்படித் திருப்பத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துப் பாருங்கள், வாரக் கடைசிக்குள் நிரம்பிவிடும். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமோ என்று கோணல்மாணலாக எழுதி, எட்டாக மடித்துப் போட்டிருப்பார்கள்.

கொசு கடித்தால் வருமா என்று ஒன்றிரண்டு சீட்டுகள் எப்போதும் இருக்கும். முத்தம், சலூன் பிளேடு, பச்சை குத்துவது, பொதுக் கழிப்பறை ஆகியவையும் தவறாமல் வரும். ஆனால் ஆண்டுதோறும் அதிகம் வருவது ஒரே கேள்விதான்: டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? இதையே பல விதமாகக் கேட்பார்கள். ரிசல்ட் தபாலில் வருமா? அப்பாவின் போன் நம்பரைக் கேட்பார்களா? ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர் நர்ஸ் யாராவது இருந்தால் என்ன செய்வது? ஒரு சீட்டில் கேள்வியே இல்லை. "என்னால் எழுத முடியவில்லை மேடம்" என்று மட்டும் இருந்தது.

இந்தச் சீட்டுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாயிற்று. நாம் இளைஞர்களுக்கு நோயைப் பாடமாக நடத்துகிறோம். எய்ட்ஸ் என்பதன் விரிவாக்கம் என்ன, எத்தனை வழிகளில் பரவும் என்றெல்லாம் வினாடி வினா வைத்துப் பரிசும் கொடுக்கிறோம். அவர்கள் கேட்பதோ வழி. எங்கே போக வேண்டும், அங்கே யார் இருப்பார், என்ன கேட்பார், எத்தனை நாள் கழித்துப் போக வேண்டும், திரும்பி வரும்போது கையில் என்ன இருக்கும்? இவற்றைச் சொல்லாத விழிப்புணர்வு, ஊர் வருவதற்குள் பாதி வழியில் இறக்கிவிடும் பஸ் மாதிரி.

டிசம்பர் 1 அன்று எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். சட்டையில் சிவப்பு நாடா, வாசலில் மனிதச் சங்கிலி, உறுதிமொழி, கொடியசைப்பு, கோலப் போட்டி. கோலத்தில் மண்டையோடு இருக்கும், எலும்புக்கூடு இருக்கும், பாம்பு கூட இருக்கும். மறுநாள் காலை பெருக்கித் தள்ளிவிடுவார்கள். 1988 முதல் உலகம் கடைப்பிடித்து வரும் நாள் அது, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோலத்தைப் பார்க்கும் மாணவர்களில் ஏற்கெனவே தொற்றுடன் பிறந்து, தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டு, நன்றாகப் படித்து, நம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பவரும் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. மண்டையோட்டைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? மண்டையோடு வரையக்கூடாது என்பதுதான் எங்கள் போட்டியில் நான் போட்ட முதல் விதி.

நாற்பதைத் தாண்டிய தமிழர்களிடம் "புள்ளிராஜா" என்ற ஒரு பெயரைச் சொன்னால் போதும், முகத்தில் சிரிப்பு வந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி சுவரிலும் விளம்பரப் பலகையிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடை முதல் திருமண வீடு வரை பேசினார்கள். அந்த விளம்பரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாயால் சொல்லக் கூசிய ஒரு சொல்லை அது நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் இப்போது என் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். புள்ளிராஜாவை அவர்களுக்குத் தெரியாது. எய்ட்ஸ் என்றால் அப்பா காலத்து வியாதி, இப்போது இல்லை என்று நினைப்பவர்கள் கணிசம். நம் நாட்டில் இன்று சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள் என்றால் நம்ப மறுக்கிறார்கள். பழைய பயம் போய்விட்டது, அதன் இடத்துக்கு அறிவு வரவில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் இந்திய ஆண்களில் 31 சதவீதம், பெண்களில் 22 சதவீதம் மட்டுமே.

பள்ளியில் சொல்லித்தந்தால் என்ன என்று கேட்பீர்கள். வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் அதை எதிர்த்து நிறுத்திவைத்தன. நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது என்றார்கள். நம் பள்ளிகளிலோ, அந்தப் பாடம் வரும் நாளில் "இதை நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பக்கத்தைத் திருப்பிவிடுவதாக ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் எப்படிப் படிப்பார்கள்?

வகுப்பில் நான் நோயிலிருந்து தொடங்குவதில்லை. 1986-இலிருந்து தொடங்குகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவிக்கு ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார் என்றார். இந்தியாவில் அது வரவே வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா முதலில் தயங்கினார், கணவர் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்ததாகப் பிடித்து அரசு இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் எடுத்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை இல்லை, தனி ஆய்வகம் இல்லை. மாதிரிகளை வீட்டு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். சென்னையில் எச்.ஐ.வி. சோதனைக்கு வசதி கிடையாது என்பதால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடியும் சோதித்தார்கள், உறுதியானது. தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரிந்தது, ஒரு மாணவியின் ஆய்வேட்டில்.

இந்தக் கதையை எங்கள் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்பார்கள். ஆனால் நான் அதோடு நிறுத்துவதில்லை. அந்தப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது அவர்களுக்குப் புரிந்திருக்காது என்று நிர்மலாவே பல ஆண்டுகள் கழித்துப் பேட்டியில் கூறியிருக்கிறார். அக்காலத்தில் அது வழக்கம். அதற்காக நிர்மலாவின் துணிச்சலை நான் ஒரு துளியும் குறைத்து மதிக்க மாட்டேன். அந்த ஆறு பேருக்கு அன்றைக்கு மருந்தும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. சுனிதி சாலமனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். அரசுப் பணியை விட்டு 1993-இல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-இல் காலமாகும்வரை, ரத்தத்தைச் சோதிப்பதோடு நில்லாமல் மனிதரை உட்காரவைத்துப் பேசுவதையும் மருத்துவத்தின் பகுதியாக ஆக்கினார்.

இன்று அது சட்டமாகவே இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. முடிவை அவர் அனுமதியின்றி மற்றவரிடம் வெளியிடக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ விடுதியிலிருந்தோ விலக்கக் கூடாது. "வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?" என்ற சீட்டுக்குச் சட்டம் தரும் பதில் தெளிவானது: பதினெட்டு வயது நிறைந்த உங்கள் முடிவு உங்களிடம்தான் தரப்படும், வீட்டுக்கு எந்தக் கடிதமும் வராது.

ஆனால் சட்டம் இருப்பதும் அது ஒரு பத்தொன்பது வயதுப் பையனை எட்டுவதும் ஒன்றாகிவிடாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்தியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் ரத்த தானம் செய்தபோதே அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தும், அது அவருக்குச் சொல்லப்படவில்லை என்று செய்திகள் கூறின. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் அவர் அறிந்தார். அறிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காலம் கடந்திருந்தது. செய்தி பரவிய சில நாள்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தக் கர்ப்பிணிக்கு நேர்ந்தது பெரும் அநீதி, அதற்காக எழுந்த கோபம் நியாயமானது. அந்த இளைஞருக்கு நேர்ந்ததைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். அவர் ரத்தம் கொடுக்க முன்வந்த பிள்ளை. உண்மை தெரிந்ததும் ஒளிந்துகொள்ளாமல் தாமே போய்ச் சொன்ன பிள்ளை. அந்த வயதில் தொற்று தெரியவந்தால் தினம் ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டு முதுமை வரை வாழலாம், திருமணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம். இந்த நாலு வார்த்தைகளைச் சொல்ல அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. மாவட்டம்தோறும் அறை ஒதுக்கியிருக்கிறது. முதல் சோதனையின் முடிவோடு அவர் அந்த அறைக்குள் அழைத்துச் செல்லப்பட்டிருந்தால், கர்ப்பிணிக்கும் அந்த நிலை வந்திருக்காது. அவரும் இன்று நம்மோடு இருந்திருப்பார்.

இதைச் சொல்லிவிட்டு மாணவர்களிடம் ஒன்றை அழுத்தமாகக் கேட்டுக்கொள்வேன். ரத்த தான முகாமை இலவச எச்.ஐ.வி. சோதனையாக யாரும் பயன்படுத்தாதீர்கள். "தானம் செய்தால் எப்படியும் டெஸ்ட் செய்வார்கள், ஏதாவது இருந்தால் போன் வரும்" என்று நினைத்துப் போகும் பழக்கம் விடுதிகளில் உண்டு. புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமல் போகலாம், அந்த ரத்தம் இன்னொருவர் உடலுக்குப் போகும். சந்தேகம் இருப்பவர் ரத்தம் கொடுக்காமல் இருப்பதும் தானம்தான்.

சோதனையும் ஆலோசனையும் நடக்கும் அந்த அறையை நம்பிக்கை மையம் என்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, பெரும்பாலான தாலுகா மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் முதலாமாண்டுப் பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாக எங்கள் ஊர் மையத்துக்கு அழைத்துப் போகிறேன். சோதனை செய்துகொள்ள அல்ல, வெறுமனே பார்த்துவிட்டு வர. வழியைக் கால்கள் ஒரு முறை அறிந்துவிட்டால், தேவைப்படும் நாளில் தனியாகப் போக அஞ்சாது என்பது என் நம்பிக்கை.

எங்கள் ஊர் மையம் தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் இடத்து வரிசையைத் தாண்டி இடது பக்கம். கதவு எப்போதும் பாதி சாத்தியிருக்கும். உள்ளே ஒரு மேசை, மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலிகள், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, படம் போட்ட பெரிய திருப்பு அட்டை. மேசை இழுப்பறையில் ஆணுறை போடும் முறையைக் காட்ட மரத்தால் செய்த மாதிரி ஒன்று. ஆலோசகர் நடுவயதுப் பெண், பிள்ளைகள் அக்கா என்றே அழைக்கிறார்கள். அவர் முதலில் செய்வது நாற்காலியைச் சற்று நகர்த்திப் போடுவது. எதிரெதிராக உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கிறதாம், பக்கவாட்டில் உட்கார்ந்தால் பேச்சு வருகிறதாம்.

"உட்காருங்கள் தம்பி. இங்கே நீங்கள் சொல்வது இந்தக் கதவைத் தாண்டாது. எதற்காக வந்தீர்கள் என்று நான் கேட்கத்தான் செய்வேன், ஆனால் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன்." எல்லாக் குழுவுக்கும் இதைத்தான் சொல்வார். ஒரு பையன், "அக்கா, பாசிட்டிவ் என்று வந்தால் உடனே சொல்லிவிடுவீர்களா?" என்று கேட்டான். "ரிசல்ட்டை நான் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் காக்க வைக்க மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு உங்களைத் தனியாக அனுப்பவும் மாட்டேன்" என்றார். அந்தப் பையன் தலையாட்டினான். அதற்குப் பிறகு சிரிப்பும் கிசுகிசுப்பும் நின்று, எல்லோரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அங்கே நடப்பது இவ்வளவுதான். முதலில் பேச்சு, பிறகு ஒப்புதல், பிறகு சிறிதளவு ரத்தம். பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். கட்டணம் கிடையாது. உரிய நாள்கள் கடந்து சோதித்து, முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் இல்லைதான். இருப்பதாக வந்தால் அதை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். வேறு வேறு வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு சோதனைகளைச் செய்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே உறுதி செய்வார்கள். தனியார் ஆய்வகத்தில் ஒரு சோதனையின் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாள் கணக்குதான் பிள்ளைகளுக்கு அதிகம் குழம்புகிறது. நேற்று நடந்ததற்கு இன்று சோதித்துப் பயனில்லை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். பலருக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால்தான் நிச்சயம். அதேசமயம் நேற்று நடந்ததற்கு இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆணுறை கிழிந்துவிட்டாலோ, பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ, பிறர் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள்கள் எடுத்துக்கொண்டால் தொற்று நிலைபெறுவதைத் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கக் கூடாது, அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு இரவிலேயே போய் மருத்துவரைக் கேட்க வேண்டும். முந்நூறு பேர் அரங்கில் இதைச் சொல்லும்போது மட்டும் அங்கங்கே பேனா எடுப்பதைப் பார்க்கிறேன்.

கொசுவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொசு நம் உடலில் செலுத்துவது தன் எச்சிலை, முன்பு குடித்த ரத்தத்தை அது திருப்பிச் செலுத்துவதில்லை. எச்.ஐ.வி. கொசுவின் உடலில் பெருகவும் முடியாது. தட்டு, டம்ளர், கழிப்பறை, வியர்வை, அணைப்பு, இருமல் எதனாலும் வராது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே பரவும். பச்சை குத்துவதில் ஊசியும் மையும் ஒவ்வொருவருக்கும் புதிதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கடையில் அதைக் கேட்டால் கோபப்படுவார்கள், அப்படிப்பட்ட கடையில் குத்திக்கொள்ள வேண்டாம்.

ஊசி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளை ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் போதைப் பழக்கம் நம் நகரங்களில் இளைஞர்களிடையே இருப்பதை அன்றாடச் செய்தித்தாளில் கைது செய்திகளாகப் பார்க்கிறோம். நண்பர்கள் ஒரே ஊசியைச் சுற்றிக் கொடுத்துக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கும் இதைவிடக் குறுக்குவழி வேறில்லை. இதை நாம் காவல்துறை விஷயமாக மட்டுமே பார்க்கிறோம். அந்தப் பையனைச் சோதனைக்கு அழைத்துப் போக, பழக்கத்திலிருந்து மீட்க, நண்பனும் ஆசிரியரும் பயமில்லாமல் அணுகும் இடம் வேண்டும். என்னிடம் வந்த சீட்டுகளில் "நண்பனுக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்குபவை பெரும்பாலும் இதைப் பற்றியவை.

பெண் பிள்ளைகளின் சீட்டுகள் வேறு மாதிரி. "மாப்பிள்ளையை டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா? சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பார்களா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இதைப் படித்துவிட்டு நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். திருமணமான பெண்களுக்குத் தொற்று பெரும்பாலும் கணவர் வழியாகவே வருகிறது. பலருக்கு முதல் கர்ப்பத்தின்போது செய்யும் சோதனையில்தான் தெரிகிறது. தெரிந்ததும் வீடு முதலில் சந்தேகப்படுவது அவளை. ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் "நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்வோம்" என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. கேட்டதற்காகவே தப்பாக நினைக்கும் மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு அப்போதே ஒரு செய்தி கிடைத்துவிடும். கர்ப்பத்தில் தெரியவந்தாலும் மனம் உடைய வேண்டாம். சிகிச்சையில்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு உண்டு. தாய் உரிய நேரத்தில் மருந்து எடுத்துக்கொண்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

ஆண் பிள்ளைகளில் சிலர், தம் இணை பெண் என்று எழுதாமல் கேட்பார்கள். எழுத்தை வைத்தே புரிந்துகொள்வேன். ஆணுடன் உறவு கொள்ளும் பையனுக்கு நம் விழிப்புணர்வு உரைகளில் இடமே இல்லை. நம் படங்களில் எப்போதும் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு குழந்தை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது, மேடைகள் இன்னும் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்படாதது போலவே பேசுகின்றன. ஆசனவாய் வழி உறவில் தொற்றும் வாய்ப்பு கூடுதல், ஆணுறையும் நீர்த்தன்மையுள்ள வழுவழுப்புக் களிம்பும் அவசியம் என்பதை அவனுக்கு யாரேனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் அரங்கிலேயே சொல்கிறேன். முதல் ஆண்டு முணுமுணுப்பு எழுந்தது, இப்போது எழுவதில்லை.

ஆணுறையைப் பற்றிப் பேசுவதே ஒழுக்கக்கேட்டுக்கு அழைப்பு என்று சில பெற்றோர் வாதிடுவார்கள். 1968-இலேயே நிரோத் ஆணுறையை நாடெங்கும் விற்பனைக்குக் கொண்டுவந்த தேசம் இது. இன்றும் மருந்துக்கடை வாசலில் கூட்டம் குறையக் காத்து நிற்கும் பையன்களும், செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரும் இருக்கிறார்கள். காத்து நிற்க வெட்கப்பட்டு வாங்காமலே போகிறவனும் இருக்கிறான். அறிவு கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு சான்றும் இல்லை. பேசத் தெரிந்த பிள்ளைகளே வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட நான் நேரமெடுத்துச் சொல்வது மருந்தைப் பற்றி. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதலில் அமைந்த மையங்களில் சென்னையை அடுத்த தாம்பரம் அரசு மருத்துவமனை ஒன்று. அதற்கு முன் தாம்பரம் சானடோரியம் என்றாலே போனவர் திரும்புவதில்லை என்று பேசிய காலம். இன்று தொற்று உறுதியானவுடனே, நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திராமல் சிகிச்சை தொடங்குகிறார்கள். பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தவறாமல் எடுத்துக்கொண்டால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விடும். அந்த நிலை நீடிக்கும்வரை உறவின் மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையரைத் தொடர்ந்து கவனித்த பார்ட்னர் ஆய்வுகள் 2016-இலும் 2019-இலும் வெளியாயின. அப்படிச் சிகிச்சையில் இருந்தவர் வழியாக இணைக்குத் தொற்று வந்ததாக ஒரு நிகழ்வுகூட இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பரிசோதனைக்குப் போகத் தைரியம் தருவது இந்தச் செய்திதான். முடிவு என்னவாக இருந்தாலும் அடுத்த படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்தான் வந்து சோதித்துக்கொள்வார்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. பதினெட்டு வயது நிறையாதவர் சோதனை செய்துகொள்ளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினேழு வயதினர். "வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?" என்று அவர்கள் கேட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையைக் காக்க எழுந்த விதி இது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டாரிடம் சொல்ல முடியாத காரணத்தாலேயே சோதனை தேவைப்படும் பிள்ளைக்கு அது கதவை அடைக்கிறது. முதிர்ச்சியுள்ள பதினாறு, பதினேழு வயதினர் ஆலோசகரின் துணையோடு தாமே ஒப்புதல் தர வழி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை 1097 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம், வயதும் தடையில்லை.

அந்த எண்ணை எங்கே ஒட்டுவது என்பதில்தான் இந்த ஆண்டு நிர்வாகத்தோடு எனக்குப் பேச்சுவார்த்தை. இத்தனை ஆண்டுகளும் முதல்வர் அறைக்கு எதிரே, கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் இருந்தது. அங்கே நின்று ஒரு பிள்ளை எச்.ஐ.வி. உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுமா? கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். பெண்கள் பகுதியில் ஒட்டியாயிற்று. அடுத்த வாரமே சீட்டுப் பெட்டியில், நம்பிக்கை மையம் சனிக்கிழமை திறந்திருக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. ஆண்கள் விடுதிக்கு அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. சுவர் அசிங்கமாகிவிடும் என்கிறார்கள். முதலாமாண்டு சேர்க்கை முடிவதற்குள் மறுபடியும் போய்க் கேட்கப் போகிறேன், இந்த முறை ஆலோசகரையும் உடன் அழைத்துக்கொண்டு.